பொறுப்புத் தந்தை

பதினொன்று கிடைத்துவிட்டது, பன்னிரண்டாவதுதான் கிடைக்கவில்லை. 1972-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பெரிய கஷ்டம் அதுதான்.

தாம்பரத்திலிருந்து திருநீர்மலை போகிற வழியில் இருக்கிற மிஷன் பள்ளிக்கூடம் எங்களுடையது. நான் அங்கே எழுத்தர். பெயர் தேவானந்தம், சர்வீஸ் இருபத்தொரு வருஷம். இந்த இருபத்தொரு வருஷத்தில் மேலிடத்திலிருந்து எத்தனையோ திட்டங்கள் வந்து போயிருக்கின்றன. மரம் நடு என்றார்கள், நட்டோம், ஆடு தின்றது, நட்டதற்கு அறிக்கை அனுப்பினோம். அதோடு விட்டார்கள். 'மாணவர் குடும்ப வழிகாட்டுதல் திட்டம்' அப்படி விடுகிற ஜாதி இல்லை. ஒவ்வொரு பள்ளியும் நலிந்த குடும்பத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கண்டுபிடித்து, அவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை சொல்லி, வருஷக் கடைசிக்குள் குறைந்தது ஒரு குடும்பத்தையாவது சீரமைத்துக் காட்ட வேண்டும். பதினொன்றும் கூடாது, பதின்மூன்றும் கூடாது. படிவத்தில் பன்னிரண்டு வரிதான் இருந்தது.

திட்டத்தை நடத்த யக்ஞநாராயணன் என்ற வழிகாட்டுதல் அலுவலர் வந்து சேர்ந்தார். சென்னையில் ஆறு வாரம் பயிற்சி எடுத்தவர். பழைய வரைபடங்கள் வைத்திருந்த அறையைக் காலிசெய்து அவருக்குக் கொடுத்தோம். வந்த அன்றைக்கே ஆசிரியர்களைக் கூட்டி, "கவுன்சலிங் என்றால் கேட்பது. நாம் வாயைத் திறக்கவே கூடாது, எதிராளியைப் பேச விடணும்" என்று ஒன்றே கால் மணி நேரம் பேசினார். யாரோ சந்தேகம் கேட்கக் கை தூக்கினார்கள். கடைசியில் கேட்கலாம் என்றார். கடைசியில் மணி அடித்துவிட்டது.

பன்னிரண்டாவது பெயரைக் கொடுத்தவன் நான். இதை மூடி மறைக்க எனக்கு இஷ்டமில்லை. தலைமையாசிரியர் சாலமோன் சார் பதற்றமாக என் மேஜைக்கு வந்து, "தேவானந்தம், யாரையாவது பாருமய்யா" என்றார். சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் தனம் என்ற பெண்ணுக்கு 'தந்தை தொழில்' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதைக் காலியாக விட்டவனும் நானேதான். இரண்டு வருஷத்துக்கு முன் அவளைச் சேர்க்க வந்த தாய் கங்கையம்மாளிடம் தகப்பன் என்ன வேலை என்று கேட்டேன். அவர் இல்லை என்றாள். செத்துவிட்டாரா என்றேன். "கீறாரு சார். எங்க கீறாருன்னுதான் தெரியாது" என்றாள். அதற்கு எங்கள் பதிவேட்டில் வார்த்தை கிடையாது. காலியாக விட்டேன். இப்போது அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் மளமளவென்று பெயரை எழுதி நீட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

தனத்துக்கு ஒரு குறையும் கிடையாது. கணக்கில் புலி. வாத்தியார் பலகையில் தப்பாகக் கூட்டினால் கையைத் தூக்கிவிடுவாள். வகுப்பில் அவள் வாய்தான் பெரிய வாய். இப்படிப்பட்ட பெண்ணை யக்ஞநாராயணன் எதிரே உட்கார வைத்தோம். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "ஒரு பிரச்னையும் தெரியலே. அதுதான் பிரச்னை. எல்லாத்தையும் உள்ளே போட்டு அமுக்கறா" என்றார்.

அமுக்கியதை வெளியே எடுக்க வாரத்துக்கு நாலு அமர்வு என்று முடிவாயிற்று. வரைபட அறையில் மற்ற பிள்ளைகள் இல்லாத நேரம் மூன்றாவது பீரியட் மட்டும்தான். எட்டாம் வகுப்பு 'பி'க்கு அது கணக்குப் பீரியட். அதுவரை கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கிக்கொண்டிருந்த பெண் காலாண்டுத் தேர்வில் அறுபத்தொன்று வாங்கினாள். யக்ஞநாராயணன் அந்த மார்க்கைச் சிவப்பு மசியால் வட்டம் போட்டு, "நான் அப்பவே சொன்னேனா இல்லையா, உள்ளே இருக்கறது இப்பத்தான் வெளியே வருது" என்று தலைமையாசிரியரிடம் காட்டினார். அமர்வு வாரத்துக்கு ஐந்தாயிற்று.

அடுத்தது தாய். கங்கையம்மாள் பம்மலில் கல் உடைக்கிறவள். வேலையை விட்டு, தலையெல்லாம் கல்தூசியாக வந்து வாசலில் நின்றாள். என்ன தப்பு செய்தாள் என்று மகளைப் பற்றி என்னிடம் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அப்புறம் எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள். வரைபட அறையைக் கை காட்டினேன். குறிப்பெடுக்க என்னையும் உள்ளே உட்காரச் சொன்னதால் அந்த விசாரணையை என் கையாலேயே எழுதினேன். கணவன் போனபோது உங்கள் மனநிலை எப்படி இருந்தது என்று யக்ஞநாராயணன் கேட்டார்.

"நிம்மதியா இருந்துச்சு சார். அடி இல்லாம சோறு துன்னோம்" என்றாள்.

'உண்மையை ஏற்க மறுத்தல்' என்று எழுதச் சொன்னார். இரவில் தூக்கம் எப்படி என்றார். கல் உடைக்கிறவளுக்குத் தூக்கம் வராமல் என்ன, படுத்தால் பிணம் மாதிரி தூங்குவேன் என்றாள். 'தூக்கத்தில் தஞ்சம் புகுதல்' என்று எழுதச் சொன்னார். போகும்போது அவள் என்னைப் பார்த்து, நல்லபடியாகத்தானே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். தலையாட்டினேன். பாவி.

நவம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி ஒவ்வொரு குடும்ப அமர்விலும் தாய், தந்தை, குழந்தை மூவரும் இருக்க வேண்டும். தந்தை இல்லாத அமர்வு கணக்கில் வராது. மற்ற பதினொரு பேருக்கும் எப்படியோ ஒரு தகப்பனைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். தனத்துக்கு வழியில்லை. திட்டத்துக்கான பள்ளிக் கமிட்டி கூடியது. இரண்டு மணி நேரம் யோசித்தார்கள். யக்ஞநாராயணன்தான் வழி சொன்னார். ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் பதவி காலியானால் என்ன செய்கிறோம்? பள்ளியை இழுத்து மூடுகிறோமா? பொறுப்புத் தலைமையாசிரியரைப் போடுகிறோம். அதே மாதிரிதான் இதுவும். நிரந்தரத் தந்தை வந்து பொறுப்பேற்கும் வரை டிரில் மாஸ்டர் சுப்பராயலு தனத்துக்குப் பொறுப்புத் தந்தையாக இருப்பார் என்று தீர்மானம் நிறைவேறியது. அதையும் எழுதியது என் கைதான்.

சுப்பராயலு நல்ல மனுஷர். பிள்ளைகளை அடிக்காத ஒரே டிரில் மாஸ்டர். உத்தரவு வந்தால் ஏன் என்று கேட்கத் தெரியாது, அது ஒன்றுதான் குறை. தினமும் மாலை நாலு மணியிலிருந்து நாலே கால் வரை தந்தை நேரம் என்று அட்டவணை போட்டார்கள். வேப்பமரத்தடியில் தனத்தை நிற்க வைத்து, கையில் இருக்கிற காகிதத்தைப் பார்த்து, சாப்பிட்டாயா, படித்தாயா, மனதில் ஏதாவது குறை உண்டா என்று மூன்று கேள்வி கேட்பார். நாலே காலுக்கு விசில் ஊதுவார். நாலாவது நாள் அவர் சம்சாரம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, எத்தனை நாளாக இந்தக் கூத்து என்று தெரு கூடுகிற மாதிரி சத்தம் போட்டாள். தீர்மானத்தின் நகல் ஒன்றைக் கொடுத்து அனுப்பினோம். அவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் லீவு போட்டபோது, பொறுப்புத் தந்தைக்குப் பொறுப்பாகத் தையல் டீச்சர் புஷ்பம் நியமிக்கப்பட்டார். தனத்துக்கு அந்த இரண்டு நாளும் தையல் டீச்சர்தான் தகப்பன்.

பிள்ளைகள் சும்மா விடுமா? "இன்னிக்கு உங்கப்பா யாருடி, டிரில் சாரா, தையல் டீச்சரா" என்று வகுப்பே கேட்டது. அவ்வளவு பெரிய வாய் அடைத்துப்போயிற்று. பலகையில் தப்பான கணக்கு இருந்தால்கூடக் கை தூக்குவதில்லை. ஒருநாள் மத்தியானம் என் ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?" என்றாள்.

பேனாவை வைத்துவிட்டேன். இருபத்தொரு வருஷமாக எத்தனையோ பேருக்கு விளக்கக் கடிதம் எழுதித் தந்தவன், பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் வகுப்புக்குப் போ என்று மட்டும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. யக்ஞநாராயணன் மேல் பாதி, என் மேல் பாதி.

மறுநாள் கங்கையம்மாள் வந்து மகள் பெயரை அடித்துவிடச் சொன்னாள். அடிக்க முடியாது. திட்டத்துக்குள் போன பெயர் மூன்று வழியில்தான் வெளியே வரும்: குடும்பம் சீரமைந்திருக்க வேண்டும், பிள்ளை பள்ளியை விட்டுப் போயிருக்க வேண்டும், இல்லை செத்திருக்க வேண்டும். போதாததற்கு அந்த வாரமே இன்னொரு உத்தரவும் வந்தது. திட்டத்தில் சேர்ந்து சீரமைவுச் சான்று வாங்காத பிள்ளைக்கு எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. மகள் எட்டு பாஸ் செய்துவிட்டால் நர்ஸ் பயிற்சியோ டீச்சர் பயிற்சியோ ஏதாவது ஒன்றுக்கு வழி பிறக்கும், தன்னோடு கல் உடைக்க வரவேண்டாம் என்று அந்தப் பெண்பிள்ளை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதில் மண் விழுந்தது.

இதற்கிடையில் சுப்பராயலு தானாகவே ஒரு காரியம் செய்தார். பொறுப்பிலிருந்து விடுபட ஒரே வழி நிரந்தரத் தந்தையைத் தேடிப் பிடிப்பதுதான் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தார். கூடுவாஞ்சேரியில் ஒரு மரவாடியில் ஆளைப் பிடித்துவிட்டார். பெயர் ஜெயவேலு. இன்னொருத்தியோடு குடும்பம், ஆறு மாசக் கைக்குழந்தை. பள்ளிக்கூடத்தில் விழா, மாலை மரியாதை உண்டு, வேட்டி கொடுப்பார்கள் என்றதும் அவன் உடனே வருவதாகச் சொல்லியிருக்கிறான். பெண்ணுக்கு இப்போது என்ன வயது என்று கேட்டிருக்கிறான். பன்னிரண்டு என்றதும், அப்படியானால் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வாளே, இங்கேயே கூட்டி வந்துவிடுகிறேன் என்றானாம்.

இதைச் சொல்லும்போது சுப்பராயலுவுக்கு முகம் செத்துவிட்டது. யக்ஞநாராயணனுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தேளா? இன்னும் பொண்ணைக் கண்ணால பார்க்கலே, அதுக்குள்ளே பொறுப்பு கொடுக்க ரெடியாயிட்டான். இதுதான் ஃபாதர்லி இன்ஸ்டிங்க்ட்" என்றார். சான்றிதழ் வாசகத்தை எனக்குச் சொல்லி எழுத வைத்தார். கடைசி வரி இது: 'இன்று முதல் மேற்படி குழந்தை தந்தையின் பராமரிப்பில் ஒப்படைக்கப்படுகிறது.'

தாய் கையெழுத்துப் போட்டால் மகள் கூடுவாஞ்சேரிக்குப் பிள்ளை தூக்கப் போவாள். போடாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. இரண்டில் எது நடந்தாலும் படிப்பு போச்சு. விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நானே பம்மலுக்கு நடந்துபோய்க் கங்கையம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அந்த டிரில் சாரை எந்தக் கணக்கில் அப்பா என்று போட்டார்கள் என்று கேட்டாள். பதவி காலியாக இருந்தால் பொறுப்பு ஆள், நிரந்தர ஆள் வந்தால் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும், அதுதான் ஆபீஸ் வழக்கம் என்றேன்.

"அப்போ அப்பான்றது உங்க ஆபீசுல ஒரு உத்தியோகம்" என்றாள்.

பைல் அப்படித்தான் சொல்கிறது என்றேன். நாளைக்கு வருகிறேன் என்றாள்.

குடும்பச் சீரமைவு விழாவுக்கு மேலிடத்திலிருந்து இணை இயக்குநர் ஏகநாதன் வந்திருந்தார். லீவு விதிகளில் மாகாணத்திலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மேடையில் ஜெயவேலு புது வேட்டி கட்டி மாலையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தை வைத்துக்கொண்டு சுப்பராயலு. தனம் தாயின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். யக்ஞநாராயணன் வரவேற்புரையில், குழந்தையின் மனதைக் கேட்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி என்று முக்கால் மணி நேரம் சொன்னார். பிறகு சான்றிதழைக் கங்கையம்மாள் முன் வைத்துக் கையெழுத்து கேட்டார்.

அவள் பேனாவைத் தொடவில்லை. ஏகநாதனைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றாள். தாராளமாக என்றார்.

"உங்க ஆபீசுல ஒருத்தரு லீவு லெட்டர் குடுக்காம, சொல்லாம கொள்ளாம ஆறு வருசம் வரல. அப்பால ஒருநாள் மாலை போட்டுகினு வந்து நிக்கறாரு. திரும்ப சேத்துப்பீங்களா சார்?"

ஏகநாதன் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. அத்தனை நேரம் தூங்கி வழிந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல கேள்வி. ஆறு வருஷமா? ஆறு மாசமே ஜாஸ்தி. தாயார் காரியத்துக்குப் போய் எட்டு நாள் கூட இருந்துட்டு வந்த கிளார்க்கை வீட்டுக்கு அனுப்பினவன் நான். அவன் அழுதான். ரூல் அழுமா?" என்றார்.

"பர்மனெண்டு ஆளா இருந்தாக்கூடவா சார்?"

"பர்மனெண்டாவது ஒண்ணாவது. வேலையைக் கைவிட்டவன் கைவிட்டவன்தான். என் சர்வீஸிலே ஒருத்தனைத் திரும்பச் சேர்த்தது கிடையாது, சொன்ன சொல்லை மாத்தினதும் கிடையாது. எழுதிக்கோங்க."

எழுதிக்கோ என்று மேலதிகாரி சொன்னால் எழுதுவதுதான் என் வேலை. எழுதினேன். கங்கையம்மாள் கையை நீட்டி ஜெயவேலுவைக் காட்டினாள்.

"இவருதான் சார் அந்த ஆளு. அப்பா உத்தியோகத்தை வுட்டுட்டு ஆறு வருசம் ஆச்சு. இந்தப் பொண்ணுக்கு அம்மை வாத்தப்போ வரல, பள்ளிக்கூடத்துல சேக்க வரல. இப்போ புள்ள தூக்க ஆளு வேணும்னு வந்துகீறாரு. நான் சேத்துக்க மாட்டேன்."

யக்ஞநாராயணன் எழுந்து, அது வேறு இது வேறு என்று ஆரம்பித்தார். இருபத்தொரு வருஷத்தில் முதல்முறையாக யாரும் கேட்காமலேயே நான் வாயைத் திறந்தேன். வேறு இல்லை சார், தந்தை என்பது பொறுப்பு ஆள் போடக்கூடிய பதவி என்று கமிட்டித் தீர்மானம் இருக்கிறது என்று பைலைப் பிரித்து ஏகநாதன் முன் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சொன்ன சொல்லை மாற்றாதவர் என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் ஊர் கேட்கச் சொல்லியிருந்தார். மெதுவாக நிமிர்ந்து, சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்கப்பட்டதா என்றார். இல்லை என்றேன். முறைப்படி கேட்க வேண்டும் என்றார். அங்கேயே கேட்டோம். ஆறு வருஷம் வராததற்குக் காரணம் என்ன?

ஜெயவேலு மாலையைத் தடவிக்கொண்டு, "மனசு சரியில்ல சார்" என்றான்.

மெடிக்கல் சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்றார் ஏகநாதன். இல்லை. அவ்வளவுதான், காரியம் முடிந்தது. 'முன்அனுமதியின்றி ஆறாண்டு பணிக்கு வராததால் மேற்படி நபர் தந்தைப் பதவியிலிருந்து நீக்கப்படுகிறார். பதவி இத்துடன் ரத்தாகிறது. இதனால் குடும்பம் சீரமைந்ததாகக் கருதப்படுகிறது' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பதவியே ரத்து என்றதும் சுப்பராயலு பெருமூச்சு விட்டார். ஏகநாதன் கையெழுத்துப் போட்டார், சாலமோன் சார் போட்டார், யக்ஞநாராயணனும் போட்டார். மேலதிகாரி போட்ட இடத்துக்குக் கீழே போடாமல் இருக்க அவருக்குப் பயிற்சி கிடையாது. கோப்பை மூடியாயிற்று. ஹால் டிக்கெட்டை அங்கேயே எழுதி, முத்திரை குத்தி, தனத்தின் கையில் கொடுத்தேன். மூன்றாவது பீரியட் மணி அடித்தது. அவள் கணக்கு வகுப்புக்கு ஓடினாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும், நடக்கவில்லை.

ஜெயவேலு என்னிடம் வந்து வேட்டியைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டான். வைத்துக்கொண்டு போ என்றேன்.

மறுநாள் காலை எட்டரைக்குப் பள்ளிக்கூடம் வந்தால் வாசலில் கூட்டம். பம்மல் கல்குவாரிப் பெண்கள் பதினேழு பேர். யக்ஞநாராயணன் வரைபட அறையை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, எல்லாருமாகச் சேர்ந்து வந்தால் கேட்க முடியாது என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் அவரை விட்டுவிட்டு என் மேஜைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் பெயர் பச்சையம்மா. மகன் எங்களிடம்தான் ஆறாம் வகுப்பு படிக்கிறான். திட்டத்தின் பன்னிரண்டு பேரில் அவனும் ஒருவன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள்.

"கங்கா சொல்லிச்சு சார். எங்க வூட்டுக்காரரு லீவே போடறதில்ல. டெய்லி வராரு, துன்றாரு, ஒதைக்கறாரு, தூங்கறாரு. வேலைதான் ஒண்ணும் செய்யறதில்ல. அதுக்கு ரூலு இன்னா சார்?"

அதற்கும் ரூல் இருக்கிறது என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். பிறகு மற்ற பதினாறு பேரையும் வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு, புதுக் காகிதம் எடுத்து, அவள் புருஷன் பெயர் என்ன என்று கேட்டேன்.